தாமதமும் சட்ட அறியாமையும்: நீதிபதியைக் கேட்பதற்குரிய இடமும் அளவுகோலும்

நீதிபதி ஒருவர் கையூட்டுப் பெற்றார் என்றோ ஒரு தரப்புக்குச் சார்பாக நடந்தார் என்றோ குற்றச்சாட்டு எழும்போது, அவரை விசாரிக்க வேண்டும் என்பதில் எந்த நாட்டுச் சட்டமும் தயங்குவதில்லை. நேர்மையில் குறை சொல்ல முடியாத ஒருவர், வாதங்கள் முடிந்த வழக்கின் தீர்ப்பை எழுதாமல் ஆண்டுகளைக் கடத்தும்போதும், சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலே தெளிந்துவிடும் ஒன்றை அறியாமல் கட்டளை பிறப்பிக்கும்போதும் அவரை எங்கே, எந்த அளவுகோலால் கேட்பது என்ற வினாவுக்கு இலங்கைச் சட்டத்தில் நேரடியான விடை கிடைப்பதில்லை. இவ்விரு குறைகளும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்பட்டாலும் அவற்றின் இயல்பு வேறு வேறு. தாமதத்தை நாட்காட்டியைக் கொண்டு அளக்கலாம். அதற்காக நீதிபதியின் மனத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. சட்ட அறியாமையை அளப்பதற்குத் தீர்ப்பின் உள்ளடக்கத்தையே தொட வேண்டியிருக்கிறது, நீதித்துறையின் சுதந்திரம் காயப்படக்கூடிய இடமும் அதுவே. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு பார்க்கையில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலம், முழு நாட்டுக்கும் பொதுவான இக்குறைபாட்டின் மிகக் கடுமையான வடிவத்தைக் காட்டுவதாக அமைகிறது.

இலங்கையில் நீதிபதிகள் இரு வேறு ஒழுக்காற்று முறைகளின் கீழ் வருகின்றனர். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 107 ஆம் உறுப்புரையின்படி, உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் நீதியரசர்களை, நிரூபிக்கப்பட்ட தீய நடத்தை அல்லது இயலாமை என்ற காரணத்துக்காக மட்டுமே, பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களிற் பெரும்பான்மையோர் ஆதரித்த வேண்டுகையின் மீது சனாதிபதி பதவி நீக்கலாம். அத்தகைய பிரேரணையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். மேல் நீதிமன்ற நீதிபதிகளை நீதிச் சேவை ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் சனாதிபதி ஒழுக்காற்றுக்கு உட்படுத்தலாம். மாவட்ட நீதிபதிகளும் நீதவான்களும், அதாவது கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சாதாரண குடிமகன் நேரிற் காணும் நீதிபதிகள், நியமனம், இடமாற்றம், ஒழுக்கக் கட்டுப்பாடு, பதவி நீக்கம் ஆகிய அனைத்திலும் அந்த ஆணைக்குழுவின் கையிலேயே உள்ளனர். ஆணைக்குழு பிரதம நீதியரசரையும் வேறு இரு உயர் நீதிமன்ற நீதியரசர்களையும் கொண்டது. சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில் தோன்றிய இவ்வேற்பாடு, 1972 ஆம் ஆண்டின் முதற் குடியரசு யாப்பில் ஓர் ஆலோசனைச் சபையாகவும் ஓர் ஒழுக்காற்றுச் சபையாகவும் பிரிக்கப்பட்டு, நியமன அதிகாரம் அமைச்சரவையிடம் சென்றது. 1978 இல் மீண்டும் ஒரே ஆணைக்குழு அமைந்தது.

மேல்நிலை நீதியரசர்களுக்கெதிரான குற்றப்பிரேரணைகளின் வரலாற்றைப் புரட்டுவோர், அவற்றின் மையத்தில் தாமதமோ அறியாமையோ இருந்ததைக் காணமாட்டார்கள். 1984 இல் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் பரிசளிப்பு விழாவொன்றில் ஆற்றிய, அரசாங்கத்தைக் குறைகூறிய உரைக்காக விசாரிக்கப்பட்டார். அந்த விசாரணைக்காகவே பாராளுமன்றத்தின் நிலையியற் கட்டளை 78ஏ உருவாக்கப்பட்டது. 2012 நவம்பரில் 117 உறுப்பினர்களின் கையொப்பத்துடன் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கெதிராக 14 குற்றச்சாட்டுகள் முன்வைக்கப்பட்டன. ஒரு நீதிபதியைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரத்தை நிலையியற் கட்டளையால் வழங்க இயலாது, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தாலேயே வழங்கலாம் என்று உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்மானித்த பின்னரும், அதே மாதம் 11 ஆம் திகதி 155 வாக்குகளுக்கு 49 என்ற கணக்கில் பிரேரணை நிறைவேறி, அவர் பதவியிழந்தார். உயர் நீதிமன்றமே 2014 இல் தன் முன்னைய தீர்மானத்தைத் தலைகீழாக்கியது. 2015 ஜனவரியில் அவர் மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வுபெற்றார். இந்நிகழ்வு கற்பித்த பாடம் இன்னும் சட்டமாகவில்லை என்பது வருந்தத்தக்கது. சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்குவதற்கு 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட விசாரணைக் குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. 2025 ஓகஸ்டில் பொலிஸ் மா அதிபர் ஒருவர் அச்சட்டத்தின் வழியே நீக்கப்பட்டுமிருக்கிறார். நீதியரசர்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை.

கீழ்நிலை நீதிபதிகள் விடயத்தில் சிக்கல் வேறு வகையினது. அங்கே விசாரணை செய்வோர் நீதிபதிகளே என்பதால் அரசியற் கை நேரடியாக நுழைவது குறைவு; அது பெரிய நன்மை. ஆயினும் ஆணைக்குழுவின் நடவடிக்கைகள் மூடிய கதவுக்குள் நிகழ்கின்றன. எந்த நீதிபதி எக்காரணத்துக்காக எச்சரிக்கப்பட்டார், எவர் குற்றமற்றவர் எனக் காணப்பட்டார் என்பதெல்லாம் காரணங்களோடு தொகுத்து வெளியிடப்படுவதில்லை. ஆகவே, தீர்ப்பொன்று எத்தனை மாதம் பிந்தினால் அது ஒழுக்கக் குறையாகும் என்பதை நீதிபதியும் முன்கூட்டி அறிய இயலவில்லை, வழக்காளியும் அறிய இயலவில்லை. முன்தீர்ப்புகளைத் தொகுத்து வளர்ந்த ஒரு சட்ட மரபு, தன் நீதிபதிகளைப் பற்றிய முன்தீர்ப்புகளை மட்டும் தொகுக்காமல் விட்டிருக்கிறது.

காலத்தைப் பற்றிய கட்டளைகள் சட்டத்தில் இல்லாமலில்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 203 ஆம் பிரிவு, யூரியின்றி நடக்கும் மேல் நீதிமன்ற விளக்கம் முடிந்தவுடனோ பத்து நாட்களுக்குள்ளோ நீதிபதி தம் முடிபைக் காரணங்களுடன் பதிய வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் 5 ஆம் பந்தி, அடிப்படை உரிமை மனுவொன்றை, அதாவது அரச அதிகாரத்தால் உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடும் மனுவை, அது தாக்கலான இரண்டு மாதங்களுக்குள் கேட்டு முடித்துவிட வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் நீதிமன்றங்கள் கட்டாயமானவையாகக் கொள்ளாமல் நெறிப்படுத்தும் ஏற்பாடுகளாகவே பொருள்கொண்டு வந்துள்ளன. நாள் கடந்துவிட்டது என்பதற்காக வழக்கே செல்லாததாகிவிடக் கூடாது என்ற அக்கறை அப்பொருள்கோளுக்குப் பின்னால் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் கடந்துபோன நாளுக்கு வழக்கும் பொறுப்பில்லை, நீதிபதியும் பொறுப்பில்லை என்றாகும்போது கட்டளை வெறும் எழுத்தாகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்குரிய மனுக்கள் பல ஆண்டுகள் ஓடுகின்றன. மனுதாரருக்குரிய கால எல்லையோ அப்படியன்று: உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும், பிந்தினால் பெரும்பாலும் கதவு மூடப்படும். இதே அரசியலமைப்பின் 121 ஆம் உறுப்புரை, சட்டமூலமொன்று யாப்புக்கு முரணானதா என்பதை மூன்று வாரங்களுக்குள் தீர்மானித்துச் சனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. நூற்றுக்கணக்கான பந்திகள் கொண்ட சட்டமூலங்களிலும் இந்த எல்லையை உயர் நீதிமன்றம் பேணியே வந்திருக்கிறது. பாராளுமன்றம் காத்திருக்கும்போது இயலுகின்ற விரைவு, தடுப்புக்காவலில் உள்ளவர் காத்திருக்கும்போது இயலாமற்போவதைச் சுமையைக் காட்டி மட்டும் விளக்கிவிட முடியாது.

எனினும் தாமதம் முழுவதையும் நீதிபதியின் தலையில் ஏற்றுவது அநீதியாகும். நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதாக அண்மைய ஆண்டுகளில் அரசாங்கமே கூறிவந்துள்ளது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனைக்காகக் காத்திருக்கும் கோவை, அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை, வராத சாட்சி, வேறு நீதிமன்றத்தில் நிற்கும் சட்டத்தரணி எனப் பல கைகள் ஒரு வழக்கை இழுக்கின்றன. வழக்கு வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதைத் தவணை போடுதல் என்பர். பூநகரியிலிருந்தோ அக்கராயனிலிருந்தோ அன்றைய கூலியை விட்டு, பேருந்தேறி, கிளிநொச்சி நீதிமன்ற வாசலில் காலையிலிருந்து நிற்கும் ஒருவருக்கு அந்தத் தவணையை யார் கேட்டார், யார் கொடுத்தார் என்பது தெரிவதில்லை. ஆனால் கேட்டவர் எவராயினும், கொடுக்கும் அதிகாரம் நீதிபதியிடமே உள்ளது என்பதையும், விசாரணை முடிந்த பின் தீர்ப்பு எழுதப்படாமற் கிடக்கும் காலம் வேறெவருடைய கணக்கிலும் சேராது என்பதையும் மறுக்க முடியாது. ஒழுக்காற்று விசாரணை கையிலெடுக்க வேண்டிய தாமதம் இவ்விரண்டாவது வகையே.

வன்னியில் இவற்றோடு மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. முதலாவது இடமாற்றம். நீதிபதிகள் குறித்த காலத்துக்கொருமுறை மாற்றப்படுவதால் பாதி கேட்கப்பட்ட வழக்குகள் பின்வருபவரின் மேசைக்குச் செல்கின்றன. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, முன்னவர் பதிந்த சாட்சியத்தின் மீது பின்னவர் தொடரலாம் என்று அனுமதித்தாலும், குற்றவியல் வழக்கில் சாட்சிகளை மீண்டும் அழைக்குமாறு எதிரி கோரலாம் என்கிறது. எதிரிக்கு அது அவசியமான உரிமை. ஆனால் சாட்சிகள் யுத்தத்தால் சிதறி, சிலர் புலம்பெயர்ந்தும் போன ஒரு மாவட்டத்தில் அதன் விலை பெரிது. இரண்டாவது மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ். மேன்முறையீடு கொழும்புக்குப் போகும்போது பதிவேடு ஆங்கிலமாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையால் அந்த இடைவழியிலேயே வழக்கு தங்கிவிடுகிறது. இதற்கு எந்த நீதிபதியையும் தண்டிக்க இயலாது; இது ஆட்சேர்ப்பால் தீர்க்கப்பட வேண்டியது.

தாமதத்தின் பொருளை வன்னியில் மிகக் கூர்மையாக உணர்த்துவது ஆட்கொணர்வு வழக்குகளே. ஆட்கொணர்வு மனு என்பது தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றின் முன் கொண்டுவருமாறு கோரும் மனு. விரைவே அதன் உயிர். 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்ததாகக் கூறப்படும் எழிலன் எனப்பட்ட சசிதரன் தொடர்பில், அவருடைய மனைவியும் பின்னாளில் வட மாகாண சபை அமைச்சராக இருந்தவருமான அனந்தி சசிதரனும், அதே நிலையிலிருந்த வேறு குடும்பங்களும் யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் வவுனியா மேல் நீதிமன்றத்தை நாடினர். விசாரித்து அறிக்கையிடும் பணி முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. எழிலனை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டபோது 2022 டிசம்பர் ஆகியிருந்தது. இத்தாமதத்தில் அரச தரப்பின் பங்கே பெரிது. கட்டளையிடத் துணிந்த நீதிமன்றத்தைப் பாராட்டவும் வேண்டும். ஆயினும் நாட்கணக்கில் முடிவதற்கென்று உருவான ஒரு பரிகாரம் ஆண்டுக்கணக்கிற்குப் போனபோது, இது ஏன் என்று கேட்கும் கடமையுடைய நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தில் அமர்ந்த, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு நீதிமன்றக் கதவு ஏன் போதுமானதாகத் தோன்றவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பதிற் பிலிப்பைன்ஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1987 ஆம் ஆண்டின் அந்நாட்டு யாப்பு, தீர்ப்புக்கென ஒதுக்கப்பட்ட வழக்குகளை அதியுயர் நீதிமன்றம் 24 மாதங்களிலும், கீழுள்ள ஆயங்கள் 12 மாதங்களிலும், ஏனைய கீழ் நீதிமன்றங்கள் மூன்று மாதங்களிலும் முடிக்க வேண்டும் என விதிக்கிறது. குறித்த காலத்தைக் கடந்த வழக்கெதுவும் தம்மிடம் இல்லை என நீதிபதி சான்றளித்த பின்னரே சம்பளம் பெறலாம் என்ற பழைய விதியும் அங்குண்டு. பொய்ச் சான்று தனிக் குற்றமாகும். அந்நாட்டு நீதிமன்ற விதிகளில் நியாயமற்ற தாமதமும் சட்டத்தில் பாரிய அறியாமையும் பெயர் சொல்லப்பட்ட ஒழுக்கக் குற்றங்கள். தண்டனைகள் அபராதம் முதல் பதவி நீக்கம் வரை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. அதியுயர் நீதிமன்றம் அவற்றைப் பற்றிய தீர்மானங்களைக் காரணங்களுடன் வெளியிடுகிறது. இந்தியாவில் அனில் ராய் எதிர் பீகார் மாநிலம் என்ற 2001 ஆம் ஆண்டு வழக்கில், மாநில உயர் நீதிமன்றமொன்று வாதம் கேட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தீர்ப்பை வைத்திருந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம், மூன்று மாதம் கடந்தால் விரைவுபடுத்துமாறு மனுச் செய்யலாம், ஆறு மாதம் கடந்தால் வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றுமாறு கோரலாம் என்று வழிகாட்டியது. இலங்கைக்கு இவ்விரண்டிலும் எளிதாகப் பொருந்துவது இந்திய வழியே: அது யாரையும் தண்டிப்பதில்லை, ஆனால் தாமதத்துக்கு ஒரு விளைவை ஏற்படுத்துகிறது.

சட்ட அறியாமைக்கு வரும்போது அவசரம் கூடாது. தவறான தீர்ப்புக்கு முதற் பரிகாரம் மேன்முறையீடு. மேல் மன்றில் கவிழ்ந்த ஒவ்வொரு தீர்ப்பும் அறியாமையின் சான்றாகாது. தவறான கட்டளையொன்று மட்டுமே ஒழுக்க நடவடிக்கைக்கு அடிப்படையாகாது, கெட்ட நோக்கமோ புறச் செல்வாக்கோ இருந்தாலொழிய அதைத் தண்டிக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019 இல் கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் உறுதிப்படுத்தியது. பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்கள்கூட, மீறப்பட்ட சட்டம் ஐயத்துக்கிடமற்ற அடிப்படைச் சட்டமாக இருந்தால் மட்டுமே பாரிய அறியாமை என்கின்றன. மறுபுறம், நீதித்துறை நடத்தை பற்றிய பெங்களூர் கோட்பாடுகள் ஆற்றலையும் ஊக்கமான உழைப்பையும் நீதிபதியின் ஆறு அடிப்படை விழுமியங்களுள் ஒன்றாக வைக்கின்றன. 2002 இல் ஹேக் நகரில் அக்கோட்பாடுகளுக்கு இறுதி வடிவம் கொடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி என்பது இந்நாட்டுக்குப் பெருமையும் கடனும் ஆகும்.

கிளிநொச்சியின் வயற்காணி ஒன்றைப் பற்றிய வழக்கை எண்ணிப் பார்த்தால், அறிய வேண்டிய சட்டம் எவ்வளவு என்பது விளங்கும். இரணைமடுவின் கீழுள்ள குடியேற்றத் திட்டக் காணிகளிற் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகக் கொடுக்கப்பட்டவை. அந்தக் காணியின் பின்னுரிமை, ஆண் பிள்ளைகளை முன்னிறுத்திய அச்சட்டத்தின் அட்டவணையாலும், அப்பாகுபாட்டை நீக்கிய 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தீர்மானிக்கப்படும். வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை அங்கே செல்லாது. அதே உரிமையாளரின் தனியார் உறுதிக் காணிக்குத் தேசவழமை செல்லும். அதில் சீதனம், தேடியதேட்டம், பங்காளரின் முன்கொள்வனவு உரிமை என ஒவ்வொன்றுக்கும் தனி விதியும் 1911, 1947 ஆம் ஆண்டுகளின் தனிக் கட்டளைச் சட்டங்களும் உண்டு. தேசவழமை மௌனமாயிருக்கும் இடத்தில் உரோம ஒல்லாந்தச் சட்டம் வருகிறது. இன்னொருவர் பத்தாண்டு ஆண்டு அனுபவித்ததால் உரிமை கோரினால் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அது அரச காணிக்குச் செல்லாது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டிற் சேர்க்காதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது, அதுவும் வழக்கிட இரண்டாண்டு அவகாசத்துடன். விடுதலைப் புலிகள் தம் ஆட்சிக் காலத்தில் நடத்திய நீதிமன்றங்களின் காணித் தீர்ப்புகளுக்கு அரச சட்டத்தில் வலுவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரே வரம்பின் இரு பக்கமும் வேறு வேறு சட்டம் நிற்பதைக் காணலாம்.

இத்தகைய நிலத்துக்கு வேறு மாவட்டத்திலிருந்து வரும் இளம் நீதிபதி தேசவழமையின் நுணுக்கத்தில் தவறுவாராயின் அதை ஒழுக்கக் குறை என்பது கொடுமை. 1985 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நீதிபதிகள் நிறுவகம், வன்னிக்கு அனுப்பப்படுவோருக்கு இக்காணிச் சட்டங்களில் தமிழிலேயே முன்பயிற்சி அளிப்பதை வழமையாக்குவதே முறை. ஆனால் அனுமதிப்பத்திரக் காணிக்குத் தேசவழமைப்படி பங்கு பிரிக்கும் கட்டளையைப் பயிற்சிக்குப் பின்னரும், மேல் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பின்னரும் ஒருவர் மீண்டும் மீண்டும் பிறப்பிப்பாராயின், அது பிழை என்ற எல்லையைக் கடந்து கடமையைப் புறக்கணித்தல் ஆகிவிடுகிறது. ஒழுக்காற்றுக்குரியது அந்தத் திரும்பத் திரும்ப வருதலே.

இவ்வளவு எச்சரிக்கையும் ஏன் வேண்டும் என்பதற்கு வன்னியே சாட்சி. 2012 ஜூலையில் மன்னார் நீதிமன்றம் கல்லெறிக்கு உள்ளானது. நாடெங்கும் நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் பணிப்புறக்கணித்தனர். தொல்லியல் இடமான குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி த. சரவணராஜா, பாராளுமன்றத்தில் வெளிப்படையாக விமர்சிக்கப்பட்ட பின், உயிரச்சுறுத்தலும் மன அழுத்தமும் காரணம் என்று கூறி 2023 செப்டெம்பர் 23 ஆம் திகதியிட்ட கடிதத்தால் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். சட்டம் தெரியாதவர் என்ற சொல், அதிகாரமுள்ளோர் தமக்குப் பிடிக்காத கட்டளையிட்ட நீதிபதி மீது மிக எளிதாக வீசக்கூடிய கல். ஒழுக்காற்று அளவுகோல் எழுதப்படாமல் இருக்கும்வரை, தாமதிக்கும் நீதிபதி கேட்பாரற்று இருப்பார், துணியும் நீதிபதி எல்லோராலும் கேட்கப்படுவார். எழுதப்பட்ட விதி வழக்காளிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேர்மையான நீதிபதிக்கும் வேண்டும்.

அவ்விதியில் அடங்க வேண்டியவை அதிகமில்லை. வாதம் முடிந்த நாளிலிருந்து தீர்ப்புக்கு மூன்று மாதம். அதைக் கடப்பவர் காரணத்தை எழுத்தில் நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு அறிவித்தல். ஆறு மாதம் கடந்தால் வழக்காளி வேறு நீதிபதியைக் கோரும் உரிமை. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வழக்குகளின் பட்டியலை, வாதம் முடிந்த திகதியுடன், மாதந்தோறும் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுதல். சட்ட அறியாமை பற்றிய முறைப்பாட்டை, மேன்முறையீடு முடிந்த பின்னரே, ஓய்வுபெற்ற நீதியரசர்கள் கொண்ட குழு முதலில் ஆராய்தல். முடிபுகளை, குற்றமற்றவர் எனக் காணப்பட்டவரின் பெயரை மறைத்து, காரணங்களுடன் ஆண்டுதோறும் வெளியிடுதல். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு யாப்புத் திருத்தம் தேவையில்லை. ஒழுக்கக் கட்டுப்பாட்டு அதிகாரம் ஏற்கெனவே கையிலுள்ள ஆணைக்குழு தன் விதிகளாலேயே பலவற்றைத் தொடங்கலாம். கிளிநொச்சி நீதிமன்ற வாசலில் அந்தப் பட்டியல் ஒட்டப்படும் மாதத்தில், பூநகரியிலிருந்து வருபவர் தம் வழக்கின் வாதம் முடிந்த திகதியை முதன்முறையாக எழுத்தில் காண்பார்.